அமெரிக்கா போகும் அம்மா அப்பாவுக்கு எந்த பாலிசி? மூன்று வகை பயணக் காப்பீடு: ஓர் அலசல்

மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்க, பேரப்பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வர என்று பி-2 (சுற்றுலா) விசாவில் கிளம்பும் அறுபது எழுபது வயதுக்காரர்களுக்கு மூன்று வகை காப்பீடு கிடைக்கிறது. இந்திய நிறுவனங்கள் விற்கும் டிராவல் பாலிசி ஒன்று. மற்ற இரண்டும் அமெரிக்க நிறுவனங்களின் விசிட்டர் பாலிசிகள்: ஃபிக்ஸட் பெனிஃபிட், காம்ப்ரிஹென்சிவ். மூன்றிலுமே 50,000 டாலர், ஒரு லட்சம் டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் தொகை முழுதும் நமக்குக் கிடைக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் பின்னால் தலையில் கை வைத்து உட்காருகிறார்கள்.

ஃபிக்ஸட் பெனிஃபிட்டுக்கு ஆதரவாகச் சொல்ல, மலிவு என்பதைத் தவிர எதுவுமில்லை. எமர்ஜென்சி ரூமுக்கு இவ்வளவு, படுக்கைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று உள்ளே ஓர் அட்டவணை இருக்கும். பில் எவ்வளவு வந்தாலும் அதற்கு மேல் ஒரு டாலர் தர மாட்டார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெஞ்சுவலி, இரண்டு இரவு ஆஸ்பத்திரி, பில் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் எமர்ஜென்சிக்கு 500, படுக்கைக்கு நாளொன்றுக்கு 1,500, பரிசோதனைகளுக்கு 500 என்றிருந்தால், நிறுவனம் கட்டுவது 4,000. மீதி 36,000 பிள்ளைகள் தலையில். பாலிசித் தொகை ஒரு லட்சமாக இருந்தும் இதே கதிதான்.

அதே பில்லுக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கணக்கு வேறு. டிடக்டிபிள் 250 டாலர் என்று எடுத்திருந்தால் அது முதலில் நம் கையிலிருந்து போகும். அடுத்த 5,000 டாலரில் 80 சதவீதத்தை அவர்களும் 20 சதவீதத்தை நாமும் கட்டுவது பல பாலிசிகளில் உள்ள ஏற்பாடு. அதற்கு மேல் பாலிசித் தொகை வரை முழுக்க அவர்கள் பொறுப்பு. ஆக, நம் பங்கு 1,250 டாலர். ப்ரீமியம் கூடுதல்தான். அதைக் குறைக்க வேண்டுமென்றால் டிடக்டிபிளை 500 ஆகவோ 1,000 ஆகவோ ஏற்றுங்கள். பாலிசித் தொகையை ஒரு லட்சத்துக்குக் கீழே இறக்காதீர்கள். எழுபது, எண்பது வயதைத் தாண்டும்போது பல நிறுவனங்கள் உச்சத் தொகையைத் தாமாகவே குறைத்துவிடும். வயதுவாரியான பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் இந்த 1,250 கணக்கு, வந்த நோய் புதிது என்றால் மட்டுமே நிற்கும். நம் ஊரில் அறுபது தாண்டியவரிடம் சுகரோ பிரஷரோ இல்லாமலிருந்தால்தான் அதிசயம். ஏற்கெனவே உள்ள நோயைப் பெரும்பாலான விசிட்டர் பாலிசிகள் எடுத்துக்கொள்வதில்லை. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு; 'அக்யூட் ஆன்செட்' என்று போட்டிருப்பார்கள். பழைய நோய் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென முற்றி, உடனடி சிகிச்சை தேவைப்பட்டு, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பணம் கிடைக்கும். மெல்ல மெல்ல ஏறிய சுகர், நாள்பட்ட மூட்டுவலி, டயாலிசிஸ், கண்புரை, வழக்கமான செக்கப் எதுவும் இதற்குள் வராது. இந்தச் சலுகைக்கென்று தனி உச்சவரம்பு இருக்கிறதா, எந்த வயதோடு நின்றுபோகிறது என்பதையும் பாருங்கள். பாலிசியில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இதுதான்.

க்ளெய்ம் இங்கேதான் அதிகம் சிக்குகிறது. எமர்ஜென்சியில் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, எப்போதிலிருந்து வலி என்பது. அப்பா ஆங்கிலத்தில் தடுமாறி, ஒரு வாரமாகவே லேசா இருந்தது என்பார். ஒரு வாரத்துக்கு முன் வந்தது வாயுத்தொல்லையாக இருக்கலாம். ஆனால் ஃபைலில் 'ஒரு வாரமாக நெஞ்சுவலி' என்று ஏறிவிட்டால், திடீரென வந்ததல்ல என்று நிறுவனம் கையை விரித்துவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. இந்த வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, முன்பு இருந்த தொந்தரவு என்ன என்று பிரித்துச் சொன்னால் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். போனிலாவது பிடித்துத் தருவார்கள். க்ளெய்ம் வந்தால் இந்தியாவிலுள்ள பழைய மருத்துவக் குறிப்புகளையும் கேட்பார்கள். மருந்தை மாற்றிச் சில வாரம்கூட ஆகவில்லையென்றால் அந்த நோய் கட்டுக்குள் இல்லை என்று வாதிட இடமுண்டு. அதனால் முழு செக்கப்பைக் கிளம்புவதற்கு முந்தைய வாரத்துக்கு வைக்காமல், சில மாதம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

இந்திய டிராவல் பாலிசி மோசமில்லை. ஆனால் ஆள் பொருந்த வேண்டும். அறுபதுக்குக் கீழே, மாத்திரை எதுவும் எடுக்காதவர், மூன்று நான்கு வாரச் சுற்றுலா என்றால் தாராளமாக எடுக்கலாம். தொலைந்த பெட்டி, பாஸ்போர்ட், தாமதமான விமானம் எல்லாம் சேர்ந்தே வரும். அறுபது தாண்டியவருக்குப் பல பாலிசிகளில் அறை வாடகை, ஐசியு, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு போட்டுவிடுகிறார்கள். அப்போது இதுவும் ஃபிக்ஸட் பெனிஃபிட்டின் தம்பிதான். இன்னொரு தொல்லை: அமெரிக்க ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவு இந்திய காப்பீட்டு கார்டைப் பார்த்துவிட்டு, காப்பீடு இல்லாதவர் என்று பதிந்துகொள்வதுண்டு. நாம் கட்டிவிட்டுப் பிறகு ரசீதோடு அலைய வேண்டியதுதான்.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சுளுக்கு, இரண்டு தையல் போடும் காயம் என்றால் எமர்ஜென்சி ரூமுக்கு ஓடாதீர்கள். சின்னச் சின்ன உடனடித் தேவைகளைப் பார்க்கும் அர்ஜென்ட் கேர் மையம் போதும். சாதாரண நோய்க்கு எமர்ஜென்சிக்குப் போய், அட்மிட் ஆகாமல் திரும்பினால் கூடுதலாக ஒரு டிடக்டிபிள் பிடிக்கும் பாலிசிகள் உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் விளங்காமல் போதல் என்றால் காப்பீட்டுக் கணக்கே பார்க்காமல் 911 அழையுங்கள். காசில்லை என்று சொல்லி எமர்ஜென்சியில் திருப்பி அனுப்ப முடியாது; பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும் என்று 1986-லிருந்து சட்டம் இருக்கிறது. பில் பின்னால் வரும், அது வேறு விஷயம்.

அந்த பில்லும் ஒன்றாக வராது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று, எமர்ஜென்சி டாக்டருக்கு ஒன்று, ஸ்கேன் பார்த்தவருக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று என்று வாரக்கணக்கில் தபாலில் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வாரியாகப் பிரித்த பில் கேட்டு வாங்குங்கள். க்ளெய்ம் படிவத்துக்குக் கெடு உண்டு; 90 நாள் என்பது பல பாலிசிகளில் பார்க்கக்கூடியது. அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு கையெழுத்துக்கு அலையாமல், அவர் அங்கிருக்கும்போதே முடித்துவிடுங்கள். க்ளெய்ம் மறுக்கப்பட்டால், லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் நிதியுதவித் திட்டம் இருக்க வேண்டும் என்பது வரிச்சட்ட நிபந்தனை. விண்ணப்பம் கேட்டு வாங்கிப் போடுங்கள். விசிட்டருக்குப் பொருந்துமா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

கைப்பையில் மாத்திரைப் பட்டியல் ஒன்று இருக்கட்டும், பிராண்டு பெயரில் அல்ல, மருந்துப் பெயரில். அங்கே பாராசிட்டமால் என்றால் அசெட்டமினோஃபென், சால்பியூட்டமால் என்றால் ஆல்பியூட்டரால். மாத்திரைகளை டப்பாவுக்கு மாற்றாமல் அட்டையோடும் மருந்துச்சீட்டோடும் கொண்டுபோங்கள்; 90 நாளைக்கு மிகாமல் என்பதுதான் அங்குள்ள பொதுவான வழிகாட்டல்.

தங்கும் காலத்தைக் கூட்டும் எண்ணம் இருந்தால், நீட்டிக்க முடிகிற பாலிசியாகப் பார்த்து எடுங்கள். பழைய பாலிசி முடியும் தேதிக்கு முன்பே நீட்டித்தால் அது தொடரும். முடியவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினால், முதல் பாலிசிக் காலத்தில் கண்டுபிடித்த நோய் புதியதில் பழைய நோயாகிவிடும்.