பாண்டிச்சேரி வீட்டு பேக்கரி கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பாக்ஸ்: பிள்ளைங்களோட செஞ்சு பாத்துட்டு எழுதுறேன்

ரெட்டியார்பாளையம் பக்கம் வீட்டுலயே கேக் போடுற ஒரு அக்கா, திருநாள் வந்தா சின்னப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு பாக்ஸ் போடுறாங்க. திங்கிறதுக்கு பலகாரம் இருக்கும், அந்தப் பலகாரத்த வச்சே பைபிள் கதை சொல்லிக்கொடுக்க சின்னச் சின்ன கார்டு இருக்கும். வீட்டு பிசினஸ் தான், பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க. 2024 கிறிஸ்துமஸ் பாக்ஸ், அடுத்து ஜனவரில வந்த ராஜாக்கள் பாக்ஸ், 2025 ஈஸ்டர் பாக்ஸ் மூணையும் வாங்கி வீட்டுல பிள்ளைங்களோட உக்காந்து செஞ்சுட்டோம். சர்ச்சுல பிள்ளைங்களுக்கு நடக்குற மறைக்கல்வி வகுப்புக்கு பிள்ளைய விட வர்ற அம்மாங்க எல்லாம் வாங்கலாமா, காசுக்கு தகுமான்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் கொஞ்சம் விவரமாவே எழுதிடுறேன்.

வாங்கலாம். ஆனா எல்லா பாக்ஸும் ஒரே தரம் இல்ல. பிள்ளை கையால பிசைஞ்சு, மூடி, பிச்சுப் பாக்கும்போது பலகாரமே கதைய சொல்லிடுது பாருங்க, அது தான் மனசுல நிக்குது. மிட்டாய்ல ஒரு கார்ட கட்டிவிட்டு இது இதைக் குறிக்குதுன்னு எழுதினா பிள்ளைங்க மிட்டாய பிரிச்சு வாயில போட்டுட்டு கார்ட சோஃபாக்கு கீழ விட்டுட்டுப் போயிடுதுங்க.

அதனால ஈஸ்டர் பாக்ஸ்லேந்தே ஆரம்பிக்கிறேன், மூணுல அது தான் பெஸ்ட். காலி கல்லறை பன்னுன்னு சொல்றாங்க. வெளிநாட்டுல நிறைய கிறிஸ்தவ வீடுகள்ல செய்யறது தான், அக்கா நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி அளவு பண்ணி குடுக்குறாங்க. பாக்ஸ்ல மைதா அளந்து கட்டின பாக்கெட், ஈஸ்ட், வெள்ளை மார்ஷ்மெல்லோ, பட்டைத்தூள் கலந்த சர்க்கரை, கார்டு இருக்கும். வெண்ணெய், பால் நம்ம போட்டுக்கணும். மாவ பிசைஞ்சு ஒரு மணி நேரம் மூடி வச்சா நல்லா உப்பி வரும், அப்புறம் சின்ன உருண்டையா பிரிச்சு தட்டிக்கணும். இதுக்கு மேல முழுக்க பிள்ளைங்க வேலை தான். வெள்ளை மார்ஷ்மெல்லோ இயேசுவோட உடல், அத உருக்கின வெண்ணெய்ல முக்கினா அது எண்ணெய், பட்டை சர்க்கரைல புரட்டினா உடலுக்குப் பூசின நறுமணப் பொருள், மாவுக்குள்ள வச்சு சுத்தினா அது துணி, ஓவன் தான் கல்லறை, கதவ சாத்துறது கல்ல உருட்டி வைக்கிறது. 180 டிகிரில கால் மணி நேரம் போல ஆகும். வேகும்போது உள்ள இருக்குற மார்ஷ்மெல்லோ உருகி மாவுல இறங்கிடும், பன்ன பிச்சா நடுவுல வெறும் பள்ளம்.

நாங்க ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம் சுட்டு டப்பால போட்டு மூடி வச்சிட்டோம், ராத்திரி பாஸ்கா பூசைக்கு போயிட்டு வந்து தூங்கிட்டு, ஞாயித்துக்கிழமை காலைல தான் பிச்சோம். பையனுக்கு ஏழு வயசு, பாப்பாவுக்கு நாலு. பாப்பா தன்னோட பன்ன பிச்சுப் பாத்துட்டு, உள்ள வச்சத காணோம்னதும் நேரா அண்ணன்கிட்ட சண்டைக்கு போயிட்டா, நீதான் ராத்திரி எடுத்து தின்னுட்டன்னு ஒரே அழுகை. நான் அவள மடில தூக்கி வச்சுக்கிட்டு சொன்னேன், மகதலா மரியாவும் முதல்ல இப்படித்தாண்டா நெனச்சாங்க, காலி கல்லறைய பாத்துட்டு ஆண்டவர யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு தான் ஓடிப்போய் பேதுருகிட்ட சொன்னாங்க, யோவான் நற்செய்தில அப்படியே இருக்குன்னு. சீடர்கள் ராத்திரில வந்து திருடிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லச் சொல்லி காவல்காரங்களுக்கு காசு குடுத்த கதையும் மத்தேயுல இருக்கு, அத பையனுக்கு சொன்னேன், அவன் வாய பொளந்துட்டு கேட்டான். இது எதுவும் கார்டுல இல்ல. ஆனா அந்த பன்னு இல்லாம இந்தப் பேச்சு எங்க வீட்டுல வந்திருக்காது, அதுக்காகவே இந்த பாக்ஸுக்கு முழு மார்க் போடுவேன்.

ஒரு இடத்துல மட்டும் அம்மா அப்பா உஷாரா இருக்கணும். பையன் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, அப்ப இயேசு உருகிப் போயிட்டாராம்மான்னு கேட்டான். நியாயமான கேள்வி தானே. பன்னு காலி கல்லறை வரைக்கும் தான் கூட்டிட்டுப் போகும், உயிர்த்தெழுந்தவர் திரும்பி வந்தத அது காட்டாது. கார்டும் "அவர் இங்கே இல்லை"ன்னு சொல்லிட்டு நின்னுடுது. அதனால கண்டிப்பா அடுத்த பகுதிய நம்மளே வாசிக்கணும். அவர் வந்து கை விலாவ காட்டுனது, சீடர்கள் முன்னாடி மீன் துண்ட வாங்கி சாப்பிட்டது, அப்புறம் ஏரிக்கரைல கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் சுட்டு வச்சுட்டு வாங்க சாப்பிடலாம்னு கூப்பிட்டது. வீராம்பட்டினம் கடற்கரைல வலை இழுக்குறத பாத்து வளர்ற பிள்ளைங்களுக்கு இந்தக் கதைய விளக்கவே வேண்டியதில்ல, 153 மீன்னு சொன்னதும் என்ன மீனுன்னு தான் கேக்குதுங்க. அன்னைக்கு மத்தியானம் நாங்க வஞ்சிரம் வறுத்து கூடவே மிச்ச பன்னும் வச்சு சாப்பிட்டோம், பையனுக்கு சந்தேகம் தீந்துச்சு. ஆவி மீன் சாப்பிடாதுல்லம்மான்னு அவனே சொன்னான். அந்த அக்காவுக்கு போன் பண்ணி இத கார்டுல சேருங்கன்னு சொல்லிட்டேன், சேக்குறேன்னு சொல்லியிருக்காங்க.

குறைன்னு பாத்தா, ஏப்ரல் வெயிலுக்கு மார்ஷ்மெல்லோ எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டி ஒரே கட்டியா வந்துச்சு, கத்தரில வெட்டித்தான் பிரிச்சோம். மாவோட ஓரத்த இறுக்கி கிள்ளி மூடணும்னு கார்டுல பெரிசா போடணும், எங்களுது ரெண்டு மூணு வாய் பொளந்து சர்க்கரை தட்டுல ஓடிடுச்சு. ஓவன் இல்லாதவங்க என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட இல்ல, அடி கனமான பாத்திரத்துல ஸ்டாண்ட் போட்டு முன்னாடியே சூடு பண்ணி, மூடி போட்டு சிம்ல வச்சாலும் வரும், என் நாத்தனார் அப்படித்தான் செஞ்சாங்க, மேல சிவக்கல ஆனா உள்ள காலியா வந்துச்சு.

இன்னொன்னு இத விட முக்கியம். சாதாரண மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் இருக்கும், அது விலங்கோட எலும்பு தோலுலேந்து எடுக்குறது. பக்கத்து வீட்டுத் தம்பி எப்பவும் எங்க பிள்ளைங்களோடயே தான் இருப்பான், அவங்க வீட்டுல சுத்த சைவம். மாவு பிசையும்போது அவனும் வந்து உக்காந்துட்டான், நான் பாக்கெட்ட திருப்பிப் பாத்தா நான்-வெஜ் மார்க். உடனே அவங்க அம்மாகிட்ட போய், அக்கா இது இப்படி, இந்தக் கதை சொல்லி செய்யறோம், தம்பி சும்மா கூட உக்காந்து பாக்கலாமான்னு கேட்டேன், அவங்க தாராளமா உக்காரட்டும்மான்னுட்டாங்க, அவனுக்கு உள்ள ஒன்னும் வைக்காம பட்டை சர்க்கரை மட்டும் தூவி தனியா ஒரு பன்னு சுட்டுக் குடுத்தேன். நம்ம விசுவாசத்த பிள்ளைங்களுக்கு சொல்றோம்னா அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாம எதையும் ஊட்டிடக்கூடாது, இதுல நான் ரொம்பக் கறார். ஜெலட்டின் இல்லாத சைவ மார்ஷ்மெல்லோவும் கிடைக்குது, கேட்டா மாத்திக் குடுக்குறாங்களாம், ஆனா இத பாக்ஸ் மேலயே போட்டிருக்கணும்.

கிறிஸ்துமஸ் பாக்ஸ் பத்தி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கமே கரை கடந்து ஊரே தண்ணில நின்னுச்சு, மறுநாள் தான் கிறிஸ்துமஸுக்கு தயாராகுற திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. அதுக்கு வர வேண்டிய பாக்ஸ் லேட்டா தான் வந்துச்சு, அவங்க வீட்டுலயும் தண்ணி, கரண்ட் இல்ல, அதுல குத்தம் சொல்ல ஒன்னுமில்ல. நல்லவேளை டிசம்பர் 6 நிக்கோலாஸ் திருநாளுக்கு முன்ன வந்துடுச்சு. தங்கக் காகிதம் சுத்தின சாக்லேட் காசு அதுக்குத்தான். வரதட்சணை குடுக்க வழியில்லாத ஒரு அப்பாவோட மூணு பொண்ணுங்களுக்கு ராத்திரில யாருக்கும் தெரியாம பொற்காச போட்டுட்டுப் போனார்னு வழிவழியா சொல்ற கதை, அவர் இப்ப துருக்கில இருக்குற மீரா ஊர் ஆயர். வரதட்சணைன்னா என்னன்னு நம்ம பிள்ளைங்களுக்கு அஞ்சு நிமிஷம் சொன்னா புரிஞ்சிடுது. கிறிஸ்துமஸ் தாத்தா யாருன்னு கேட்ட பிள்ளைக்கு இதவிட நல்ல பதில் எனக்குத் தெரியல. காச பாதி தின்னுட்டு பாதிய வேலைக்கு வர்ற அக்காவோட பொண்ணு செருப்புல யாருக்கும் தெரியாம போட்டு வச்சான் எங்க பையன், கார்டுல சொன்னதுக்கு மேலயே போயிட்டான்.

அதே பாக்ஸ்ல இருந்த சிவப்பு வெள்ளை கைத்தடி மிட்டாய் எனக்குப் பிடிக்கல. மிட்டாய் நல்லா தான் இருந்துச்சு, கார்டு தான் சரியில்ல. ஒரு மிட்டாய்க்காரர் இயேசுவப் பத்தி சொல்றதுக்காகவே இத கண்டுபிடிச்சார், சிவப்பு அவர் ரத்தம், வெள்ளை தூய்மைன்னு உண்மை வரலாறு மாதிரி அடிச்சிருக்காங்க. அதுக்கு ஆதாரமே கிடையாது. பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைங்கள்ல அந்த மிட்டாய் வெறும் வெள்ளையாத்தான் இருக்கும், சிவப்புக் கோடு 1900 வாக்குல தான் வந்துச்சு. அழகான கதை தானேன்னு சிலர் சொல்லலாம். ஆனா பிள்ளை பத்து வயசுல போன்ல தேடிப் பாத்து இது கட்டுக்கதைன்னு தெரிஞ்சுக்கிட்டா, அம்மா சொன்ன பெத்லகேம் கதையும் இதே மாதிரி தானோன்னு நெனைக்காதா? ஆடு மேய்க்கிறவங்க கைத்தடி மாதிரி இருக்கு பாரு, முதல்ல சேதி கேட்டவங்க அவங்க தான்னு சொன்னாலே போதும், லூக்கால இருக்குறதே அவ்வளவு அழகு.

சுருட்டி எண்ணெய்ல பொரிக்கிற கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல், அதுக்கான மாவு ஒரு பாக்கெட் குடுத்திருந்தாங்க, முள்கரண்டி முதுகுல வச்சு அமுக்கி சுருட்டுறதுக்கு. இதுக்கு கதை கார்டே இல்ல, நாலு தட்டுல வச்சு நாலு வீட்டுக்குக் குடுங்கன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. தீபாவளிக்கு நமக்கு அதிரசமும் முறுக்கும் வந்த வீடுங்க தானே, பிள்ளைங்களே தட்ட தூக்கிட்டுப் போய் எங்க வீட்டுல இயேசு பாலன் பொறந்திருக்கார்னு சொல்லிட்டு வந்துச்சுங்க. நம்ம ஊர் விவிக்கம் கேக் ஏன் பாக்ஸ்ல இல்லன்னு சிலர் கேட்டாங்களாம், ரவையும் வெண்ணெயும் போட்டு ரம்முல ஊறின பழம் சேத்து செய்யறது பெரியவங்களுக்கு சரி, பிள்ளைங்க பாக்ஸுக்கு ஆகாது.

ஜனவரி பாக்ஸ் சின்னது, ஆனா என் மனசுக்கு நெருக்கம். பிரெஞ்சுக்காரங்க வழில பாண்டிச்சேரில பல வீடுகளுக்குப் பழக்கமான ராஜா கேக், அடுக்கடுக்கான மாவுக்குள்ள பாதாம் கிரீம், உள்ள ஒரு பொருள ஒளிச்சு வச்சிருப்பாங்க, யார் துண்டுல வருதோ அவங்களுக்கு காகித கிரீடம். பீங்கான் பொம்மைக்குப் பதிலா அக்கா முழு பாதாம் வச்சிருந்தாங்க, பல்லு உடையாது. ரொம்பச் சின்னப் பிள்ளைங்க துண்ட மட்டும் முதல்ல பிச்சுப் பாத்துட்டுக் குடுங்க, தொண்டைல மாட்டிடும். கார்டுல மூணு ராஜான்னு போட்டிருக்காங்க, மத்தேயுல குழந்தை இயேசுவ பாக்க கிழக்குலேந்து வந்த ஞானிகள்னு தான் இருக்கு, எத்தனை பேருன்னு இல்ல, காணிக்கை தான் மூணு.

அந்த மூணுக்கும் தனித்தனி பொட்டலம். தங்கத்தாள் சுத்தின சாக்லேட், கொஞ்சம் சாம்பிராணி, நாட்டு மருந்துக் கடைல கிடைக்கிற வெள்ளைப்போளம்ங்கிற பிசின் ஒரு சின்னத் துண்டு. சாம்பிராணிய மோந்ததும் பாப்பா ஆயா வீட்டு வாசனைன்னு கண்டுபிடிச்சிட்டா. வெள்ளைப்போளத்த நக்கிப் பாத்துட்டு பையன் கசப்பு தாங்காம துப்பிட்டு, பொறந்த குழந்தைக்கு இதையா குடுப்பாங்கன்னு கோவிச்சுக்கிட்டான், அப்ப நான் பெருசா ஒன்னும் சொல்லல. ஏப்ரல்ல பன்னு செய்யும்போது பட்டைத்தூள காட்டி, நிக்கதேம்னு ஒருத்தர் ஆண்டவர அடக்கம் பண்றதுக்கு வெள்ளைப்போளமும் வாசனைப் பொருளும் கலந்து கிட்டத்தட்ட 30 கிலோ கொண்டு வந்தார்னு சொன்னேன், உடனே அவன், அந்த கசப்பா, அப்ப குட்டிப் பாப்பாவா இருக்கும்போதே குடுத்தாங்களே, அப்பவே தெரியுமா அவங்களுக்குன்னு கேட்டான். இத்தனை வருஷம் பூசைல கேட்டும் நான் அந்த ரெண்டையும் இப்படிச் சேத்துப் பாத்ததில்ல.

அதனால வாங்குறவங்க ஜனவரியையும் ஈஸ்டரையும் சேத்தே வாங்குங்க, அந்த வெள்ளைப்போளத்த தூக்கிப் போடாம டப்பால வச்சிருந்து பெரிய சனிக்கிழமை எடுங்க. கிறிஸ்துமஸ் பாக்ஸ்ல கைத்தடி மிட்டாய்க்குப் பதிலா கல்கல் மாவு ரெண்டு பாக்கெட்டா கேட்டா குடுப்பாங்க. ஈஸ்டர் பாக்ஸுக்கு, அதுக்கு முந்தின தவக்காலம் ஆரம்பிக்கும்போதே சொல்லி வைங்க, கடைசி வாரத்துல ஆர்டர் எடுக்குறதில்ல. சைவ மார்ஷ்மெல்லோ வேணும்னா அப்பவே சொல்லிடுங்க, வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வைங்க.