இரண்டடி மீன்தொட்டிக்கு 10 வாட் எல்இடி பேட்டன் (டியூப்லைட் போன்ற பட்டை விளக்கு) போதுமா?

60×30×30 செ.மீ. தொட்டி, சுமார் 54 லிட்டர். மின்சாதனக் கடையில் கிடைக்கும் இரண்டடி பேட்டன், 6500 கெல்வின் (வெள்ளை ஒளி), ஏறத்தாழ 1000 லூமன் வெளிச்சம். லிட்டருக்கு 18 லூமன் கணக்கு. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போன்ற நீர்ச்செடிகள் வளர இது தாராளம். ரோட்டாலா செடி சிவக்க வேண்டுமென்றால் பத்தாது. இரண்டாவது பேட்டனும் போடலாம், ஆனால் கார்பன் டை ஆக்சைடு கொடுக்காவிட்டால் பாசிக்குத்தான் விருந்து.

பெரிய குறை, இது நீர் புகாத வகை அல்ல. ஆவி ஏறி முனைகள் துருப்பிடிக்கும், மின்கசிவும் வரலாம். கண்ணாடி மூடி கட்டாயம். ஒயர் பிளக்கைவிடத் தாழத் தொங்கி மேலேற வேண்டும். ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும். டைமரில் முதல் மாதம் 6 மணி நேரம், பிறகு 8. 3000 கெல்வின் (மஞ்சள் ஒளி) வாங்கினாலும் செடி வளரும், தொட்டிதான் டீ கலரில் தெரியும்.