நந்தி மலைத் திராட்சைத் தோட்டங்களுக்கு வேலூரிலிருந்து ஒரு நாள் பயணம்: பேர்ணாம்பட்டு வழியா, கிருஷ்ணகிரி வழியா?

ஒயின் திராட்சை விளையும் பூமியைப் பார்க்க வேலூர்க்காரர்கள் நாசிக் வரைக்கும் போக வேண்டியதில்லை. கர்நாடகத்தில், சிக்கபள்ளாபூருக்கும் தொட்டபள்ளாபூருக்கும் இடையில், நந்தி மலையின் அடிவாரத்தைச் சுற்றி அது இருக்கிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் அன்று இரவே வீடு திரும்பிவிடலாம். நாங்கள் நான்கு நண்பர்கள், மூன்று வண்டிகளில், இரண்டு முறை அங்கே போய் வந்திருக்கிறோம். இரண்டும் பிப்ரவரி மாதப் பயணங்கள். முதல் முறை ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நெடுஞ்சாலையிலேயே போய் அதிலேயே திரும்பினோம். அடுத்த ஆண்டு குடியாத்தம், பேர்ணாம்பட்டு, பத்தலப்பல்லி மலைப்பாதை, வி.கோட்டா, கோலார் தங்கவயல் என்று உள்வழியில் போய் வந்தோம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பின் நியாயங்களையும் கூடியவரை மறைக்காமல் எழுதுகிறேன். சித்தூர், பலமனேர் வழியாக மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. லாரிகளின் பின்னால் மொகிலி மலைச்சரிவில் ஊர்ந்து போவதில் விருப்பமுள்ளவர்கள் அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

தொலைவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உள்வழி ஒரு பக்கத்துக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நெடுஞ்சாலை வழி அதைவிட 50, 60 கிலோமீட்டர் கூடுதல். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவில் பெரிய வித்தியாசம் வராது. உள்வழியில் ஆந்திரத்தைத் தொட்டுப் போக வேண்டும், அங்கே பெட்ரோல் விலை அதிகம். ஆகவே டாங்கியைக் குடியாத்தத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. சாப்பாட்டைப் பொறுத்தவரை நெடுஞ்சாலையே வெல்கிறது. திரும்பி வரும்போது ஆம்பூரில் பிரியாணியும் மக்கன் பேடாவும் சாப்பிடலாம் என்ற ஒரே காரணத்துக்காகவே கிருஷ்ணகிரி வழியை விட்டுக்கொடுக்க மறுக்கும் நண்பர் ஒருவர் எங்களில் இருக்கிறார்; காட்பாடியில் மருந்துக் கடை வைத்திருப்பவர். அவரோடு இதில் நான் வாதாடுவதில்லை.

நெடுஞ்சாலை வழியின் நல்ல குணங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 48ஆம் எண் சாலை கிருஷ்ணகிரி வரைக்கும் அகலமானது. பள்ளமும் மேடும் இல்லாமல், ஒரே வேகத்தில் வண்டியை விட்டுவிட்டு மனத்தை வேறெங்காவது அலையவிடலாம். கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் சாலைக்கு மாறினால் அதுவே பெங்களூரைக் கடந்து தேவனஹள்ளி வழியாகச் சிக்கபள்ளாபூர் வரைக்கும் கொண்டு போய்விடும். பஞ்சர் கடையோ டீக்கடையோ இல்லாத இடமே கிடையாது. புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களும், பின்னால் துணைவியாரை அமர்த்திக்கொண்டு போகிறவர்களும் இந்த வழியைத் தேர்ந்தால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நாங்கள் நால்வரும் ஆண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், இந்த வட்டாரத்திலேயே வண்டி ஓட்டிப் பழகியவர்கள். எங்கள் அனுபவம் எல்லோருக்கும் பொருந்தாது.

குறை பெங்களூர்தான். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததிலிருந்து ஹெப்பாள் மேம்பாலத்தைக் கடந்து வெளியேறும்வரை நாம் செய்வது பயணமே அல்ல. கிளட்சைப் பிடிப்பதும் விடுவதும்தான். ஓசூரிலிருந்து மாலூர், ஒசக்கோட்டை வழியாக ஊரைத் தொடாமல் தேவனஹள்ளிக்குப் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்ததில்லை, ஆகவே அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

உள்வழிக்கு வருகிறேன். பேர்ணாம்பட்டில் தோல் பதனிடும் வாடை மூக்கிலிருந்து விலகுவதற்குள் சாலை காட்டுக்குள் ஏறத் தொடங்கிவிடும். பத்தலப்பல்லி சோதனைச்சாவடியைக் கடந்து வளைவு வளைவாக மேலே போகப் போகக் காற்றில் சூடு குறைவதை முழங்கையில் உணரலாம். மேலே ஏறியதும் மாநிலம் மாறிவிடுகிறது, வி.கோட்டா ஆந்திரத்தின் சிறிய சந்தை ஊர். அங்கிருந்து முல்பாகல் பக்கம் போகாமல் மேற்கே பேத்தமங்கலத்துக்குத் திரும்பினோம். பேத்தமங்கலத்து ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி நீரைப் பார்த்தபோது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அது பாலாறு. நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடியபிறகே, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓட வேண்டிய அந்த ஆறு வாணியம்பாடிப் பக்கம் நுழைகிறது. வேலூரில் பாலத்தின் மேல் நின்று மணலையும் சீமைக்கருவேலத்தையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதே ஆற்றின் பெயரில் நீர் தளும்புவதைக் காண்பது சாதாரணக் காட்சி அல்ல. இந்த வழியில் போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பாலாற்றின் பிறப்பிடத்தை நோக்கி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்.

அடுத்தது தங்கவயல். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டாலும் ராபர்ட்சன்பேட்டையின் டீக்கடைகளில் இன்றும் தமிழே பேச்சு. சுரங்க வேலைக்கென்று அந்தக் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். எந்த ஊர் என்று கேட்ட கடைக்காரரிடம் வேலூர் என்றோம். "எங்க பாட்டி ஊரு குடியாத்தம்ணா" என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு வடையைத் தட்டில் வைத்தார். நெடுஞ்சாலை உணவகத்தில் இது கிடைக்காது.

கோலாரைத் தாண்டிச் சிந்தாமணி, பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன சிட்லகட்டா என்று போகும்போது திராட்சைப் பந்தல்கள் தென்படத் தொடங்குகின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் உண்பதற்கும் பழச்சாற்றுக்கும் ஆனவை: ‘பெங்களூர் நீலம்’ என்னும் கருநீலப் பழம், ‘தில்குஷ்’ என்னும் பச்சைப் பழம். ஆள் உயரத்துக்கு மேலே கம்பிப் பந்தல், அதிலிருந்து கீழே தொங்கும் குலைகள், நடுவே குனிந்து நடக்கும் ஆட்கள். ஒயின் திராட்சைத் தோட்டம் அப்படி இருக்காது. அங்கே கொடிகளை வேலி கட்டியதுபோல நெட்டுக்குத்தாக, வரிசை வரிசையாகப் பயிற்றியிருக்கிறார்கள். குலைகள் இடுப்பு உயரத்தில், சின்னச் சின்ன மணிகளோடு, தோல் தடித்து, விதை பெருத்து இருக்கின்றன. சிவப்பு ஒயினுக்கு நிறம் அந்தத் தோலிலிருந்துதான் வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள மேட்டு நிலம் என்பதால் இரவில் குளிர் விழுகிறது. அந்தக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இந்த வட்டாரத்தில் ஒயின் திராட்சைக்கு வழிகாட்டியவர்கள் 1988இல் தொடங்கிய குரோவர் நிறுவனத்தார். 2012இல் நாசிக்கின் ஒரு நிறுவனத்தோடு இணைந்து இப்போது குரோவர் ஜம்பா என்ற பெயரில் இயங்குகிறார்கள். இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கொடியை வெட்டிவிட்டு, கோடை தொடங்கும் மாதங்களில் ஒரு முறை அறுவடை செய்கிறார்கள். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ போனால் குலையைப் பார்க்கலாம். அறுவடையும் வெட்டும் முடிந்தபின் போனால் குச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

இனி எது முடிவைத் தீர்மானித்ததோ அதைச் சொல்கிறேன். திரும்பும் நேரம்.

ஒயின் ஆலைக்குப் போய்ச் சுவைத்துப் பார்க்காமல் வருவதா என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். (எங்கள் ஊரில் ‘ஒயின்ஷாப்’ என்ற சொல்லுக்கும் ஒயினுக்கும் எந்த உறவும் இல்லாததால் ஆர்வம் கூடுதலாகவே இருக்கும்.) வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரே பதில்தான்: கூடாது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாங்கி வந்து வீட்டில் குடிக்கலாம் என்றால், வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எங்களுக்கு மூன்று வண்டி, நான்கு பேர். ஆகவே வண்டி ஓட்டாத நான்காமவர் மட்டும் எங்கள் மூவருக்கும் சேர்த்துச் சுவைத்துச் சொல்வது என்று ஏற்பாடு. அந்த நான்காமவர் மருந்துக் கடை நண்பர். சிவப்பு ஒயினை ஒரு வாய் வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தவர், "மூணாம் நாள் ரசம் மாதிரி இருக்கு மச்சான், ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இந்த ஒழுங்கெல்லாம் நேரம் நம் கையில் இருக்கும்வரைதான் நிற்கும். முதல் பயணத்தில் நடந்தது இதுதான். நெடுஞ்சாலை எந்நேரமும் திறந்திருக்கிறது, எப்போது புறப்பட்டாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணத்தில் மதியச் சாப்பாட்டை மூன்றரை மணி வரை இழுத்தோம். பிறகு மலையடிவாரத்து ‘போக நந்தீஸ்வரர்’ கோயில், அங்கே ஒரு மணி நேரம். ஐந்து மணிக்குக் கிளம்பிப் பெங்களூரின் மாலை நெரிசலில் சிக்கி, ஓசூரை அடையும்போது எட்டரை ஆகிவிட்டது. கிருஷ்ணகிரிக்குப் பின் நாட்றம்பள்ளி வரைக்கும் எதிர்ச்சாரியிலிருந்து முகத்தில் அடிக்கும் லாரி விளக்குகள். முன்னால் போய்க்கொண்டிருந்த நண்பரின் வண்டி காரணமே இல்லாமல் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போவதும் உடனே திரும்புவதுமாக இரண்டு முறை நடந்தது. ஹாரன் அடித்து நிறுத்திக் கேட்டால், தூங்கியதே அவருக்குத் தெரியவில்லை. ஒரு சொட்டு மதுவும் குடிக்காதவர் அவர். வாணியம்பாடிக்கு முன்னால் ஒரு டீக்கடையின் பெஞ்சில் முக்கால் மணி நேரம் அவரைப் படுக்க வைத்து, வேலூர் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆம்பூர் பிரியாணியும் போயிற்று. கடைகளில் அண்டா கழுவிக் கொண்டிருந்தார்கள்.

உள்வழியில் இந்த இழுபறிக்கு இடமே இல்லை. பத்தலப்பல்லி மலைப்பாதையை ஒட்டிய காடுகள் கவுண்டின்யா சரணாலயத்தோடு தொடர்புடையவை. 1980களில் இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்ட யானைகள் பேர்ணாம்பட்டு, குடியாத்தம் எல்லைக் கிராமங்களின் வயல்களுக்கு இறங்குவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நாங்கள் யானையைப் பார்க்கவில்லை. சாலை நடுவே ஈரம் காயாத சாணத்தைப் பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. ஆகவே விடிந்தபின்தான் ஏற வேண்டும், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எல்லாம் தானாக அமைந்துவிடுகிறது: மலையிறக்கம் ஐந்தரைக்குள், வி.கோட்டா நாலே முக்காலுக்கு, தங்கவயல் நாலு மணிக்கு, அப்படியானால் நந்தி அடிவாரத்தில் ஒன்றரைக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். அந்தக் கணக்கு எங்களை மேசையிலிருந்து எழுப்பிவிட்டது. இன்னும் ஒரு கோப்பை, இன்னும் ஒரு இடம் என்று யாரும் வாயெடுக்கவில்லை. ஏழரை மணிக்கு அவரவர் வீட்டில் இருந்தோம். எப்போதும் திறந்திருக்கும் சாலையைவிட, இருட்டினால் நமக்கு மூடிக்கொள்ளும் சாலையே ஒரு நாள் பயணத்துக்குப் பாதுகாப்பானது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதற்கு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நந்தி மலை உச்சிக்கு, 1478 மீட்டர் உயரத்துக்கு, ஏறிப் பார்க்க நேரம் இருக்காது; ஆலையைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு செய்து பதினொரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்; வழியில் ஒரு வண்டி பழுதானால் கணக்கு முழுவதும் சரியும். அப்படி ஆனால் கோலாரிலேயே அறை எடுத்துத் தங்குவது என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம், தேவைப்படவில்லை. மழைக்காலத்தில் அந்த மலைப்பாதை எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. எங்களில் ஒருவர் ஓட்டியது 100 சிசி ஸ்ப்ளெண்டர்; இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியதே தவிர எங்கும் நிற்கவில்லை, ஆனால் அதில் பின்னால் ஆள் இல்லை.

நெடுஞ்சாலைக்கு இன்னொரு மதிப்பெண்ணும் தர வேண்டியிருக்கிறது. இரண்டு முறையும் சிக்கபள்ளாபூர்ப் பக்கம் சாலையோரத்தில் பெங்களூர் நீலம் ஒரு பெட்டி வாங்கி, என் புல்லட்டின் பின்பக்கம் டியூப் கயிற்றால் கட்டினேன். முதல் முறை அத்தனை அலைச்சலுக்குப் பிறகும் பழம் ஒன்றுகூட நசுங்காமல் வீடு வந்தது. இரண்டாம் முறை மலைப்பாதையின் வளைவுகளில் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, அட்டை நனைந்து, சாறு சைலன்சரில் சொட்டத் தொடங்கியது. சொட்டிய சாறு பொரிந்து காய்ச்சிய பாகு வாசனை கிளம்ப, பின்னால் வந்தவர்கள் பேர்ணாம்பட்டு வரைக்கும் என்னவோ தீய்கிறது என்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். அடுத்த பிப்ரவரிக்கு, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன்.