டைமர் ஃப்ளாகைப் பார்த்துக்கொண்டே இருப்பதா, இன்டரப்ட்டிடம் விட்டுவிடுவதா?

மைக்ரோகன்ட்ரோலரில் நேரம் கணக்கிட மூன்று வழிகள் உண்டு: டிலே லூப், டைமர் ஃப்ளாகை (நேரம் முடிந்ததும் ஹார்டுவேர் 1 ஆக்கும் பிட்) மெயின் லூப்பில் சோதிக்கும் போலிங், டைமர் இன்டரப்ட் (நேரம் முடிந்ததும் ஓடும் நிரலை நிறுத்தி வேறு ஃபங்ஷனுக்குத் தாவுவது). டிலே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்சிடிக்கு மின்சாரம் வந்ததும் சில பத்து மில்லிநொடி காத்திருக்க அது போதும். போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நான் இன்டரப்ட் பக்கம்.

16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏட்மெகா328பி என்ற 8 பிட் ஏவிஆர் சிப்பை எடுத்துக்கொள்வோம். டைமர்1-ஐ அமைப்பது இரண்டு வழிக்கும் ஒன்றுதான்: சிடிசி மோட் (குறித்த எண்ணை எட்டியதும் 0-க்குத் திரும்பும்), ப்ரீஸ்கேலர் 64 (கடிகாரத்தை 64-ஆல் வகுக்கும்). ஓர் எண்ணிக்கைக்கு 4 மைக்ரோநொடி. 250 எண்ணினால் 1 மில்லிநொடி. 0-விலிருந்து எண்ணுவதால் அந்த எண்ணை வைக்கும் ஓசிஆர்1ஏ ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது 249. பழக்கதோஷத்தில் 250 எழுதினால் 0.4 சதவீதம் பிசகும். கடிகாரமாக இருந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஐந்தே முக்கால் நிமிடம் பின்தங்கும்.

போலிங்கில் டைமர்1-இன் ஓசிஎஃப்1ஏ ஃப்ளாக் 1 ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் அதில் 1 எழுதி அழிக்க வேண்டும். ஆம், 1 எழுதித்தான். 0 எழுதினால் அழியாது. இன்டரப்ட்டில் அந்த வேலையை ஹார்டுவேரே பார்த்துக்கொள்ளும்.

தீர்ப்பு சொல்வது ஒரே விஷயம்: ஃப்ளாக் என்பது ஒரு பிட். எத்தனை முறை மணி அடித்தது என்று அதற்குத் தெரியாது. நிரல் சிறிதாக இருக்கும்வரை இது உறுத்தாது. பிறகு யாராவது மெயின் லூப்பில் சீரியல் போர்ட்டுக்கு ஒரு வரி அனுப்பச் சேர்ப்பார்கள். 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட் வேகத்தில்) ஓர் எழுத்துக்குச் சுமார் 1.04 மில்லிநொடி ஆகும். 20 எழுத்தை அனுப்பி முடியும்வரை காத்திருந்தால் 20 மில்லிநொடி போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் ஃப்ளாக் 1 என்று மட்டும் காட்டும். இருபது டிக் (1 மில்லிநொடித் துடிப்பு) ஒன்றாகச் சுருங்கிவிட்டது. எல்சிடி திரையை அழிக்கும் கட்டளைகூட 1.5 மில்லிநொடி பிடிக்கும். இதில் மோசம் என்னவென்றால், தவறு டைமர் பகுதியில் தெரியாது. சம்பந்தமில்லாத ஒரு வரியைச் சேர்த்ததும் கடிகாரம் மெதுவாகும். ஆறு மாதம் கழித்து நிரலைத் திறப்பவர் டைமரையே சந்தேகிப்பார்.

இன்டரப்ட்டிலும் ஃப்ளாக் ஒரு பிட்தான். ஆனால் இன்டரப்ட்டுகள் 1 மில்லிநொடிக்கு மேல் தொடர்ந்து அணைந்திருந்தால் மட்டுமே டிக் தொலையும். ஐஎஸ்ஆருக்குள் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) நுழைய 4 கடிகாரச் சுற்று, தாவ 3, திரும்ப 4. ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்பதையும் சேர்த்தால் ஒரு கவுன்ட்டரைக் கூட்டச் சில மைக்ரோநொடிதான். 1000 மைக்ரோநொடியில் அது பெரிய செலவில்லை. ஐஎஸ்ஆருக்குள் சீரியல் அனுப்பினால் மட்டும் இந்தக் கணக்கு பாழ்.

இதற்கு விலை உண்டு. ஐஎஸ்ஆரும் மெயின் லூப்பும் பகிரும் மாறியை வோலடைல் என்று அறிவிக்காவிட்டால் கம்பைலர் அதை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொள்ளும். ஆப்டிமைசேஷன் போட்டதும் காத்திருக்கும் லூப் முடிவே இல்லாமல் சுற்றும். வோலடைல் மட்டும் போதாது. 8 பிட் சிப் 16 பிட் எண்ணை இரண்டு தவணையில் படிக்கிறது. 255-இன் கீழ் பைட்டைப் படித்த கையோடு இன்டரப்ட் வந்து எண் 256 ஆனால், கையில் கிடைப்பது 511. எஸ்ரெக்கை (இன்டரப்ட் அனுமதி பிட் உள்ள நிலை ரெஜிஸ்டர்) சேமித்து, இன்டரப்ட்டை அணைத்து, நகலெடுத்து, எஸ்ரெக்கை மீட்க வேண்டும். ஐஎஸ்ஆர் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் ஏவிஆர் ஜிசிசி கம்பைலர் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடும். முதல் டிக்கிலேயே சிப் ரீசெட் முகவரிக்குத் தாவி, திரும்பத் திரும்பத் தொடங்கும்.

போலிங்கே வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ளாகைவிட நல்ல வழி: டைமரை நார்மல் மோடில் (65535 வரை எண்ணி 0-க்குத் திரும்பும்) ஓடவிட்டு, டிசிஎன்டி1 (டைமரின் தற்போதைய எண்ணிக்கை) மதிப்பைப் படித்து, முந்தைய மதிப்பை குறியில்லா 16 பிட்டில் கழிக்கலாம். லூப்பின் ஒரு சுற்று 262 மில்லிநொடியை (65536 × 4 மைக்ரோநொடி) தாண்டாதவரை எதுவும் தொலையாது. பகிரும் மாறி இல்லாத சின்ன நிரலுக்கு இதையே நானும் பரிந்துரைப்பேன்.

இந்தக் கணக்கெல்லாம் ஏவிஆருக்கு. கார்டெக்ஸ்-எம் சிப்களில் இன்டரப்ட்டுகளுக்கு முன்னுரிமை உண்டு, ஒன்றுக்குள் இன்னொன்று நுழையும். அங்கே இதை அப்படியே பொருத்தத் தயங்குவேன்.

பட்டனுக்குத் தனி இன்டரப்ட் வைப்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. ஒரே அழுத்தலில் தொடர்பு பலமுறை துள்ளும், அத்தனைக்கும் ஐஎஸ்ஆர் ஓடும். 1 மில்லிநொடி டிக்கிலேயே பட்டன் இணைந்த சிப் பின்னை (pin) படித்து, தொடர்ந்து 20 முறை ஒரே நிலையில் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.