கிளாஸ் 3 ஹிட்ச் மாட்டினால் வண்டியின் பலம் கூடுமா?

அமெரிக்காவில் முதல் கேம்பர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற ட்ரெய்லர், வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அதை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் கிளாஸ் 2-ஆ, கிளாஸ் 3-ஆ என்பதில்தான். கிளாஸ் 2-இன் ரிசீவர் துளை, அதாவது இழுவைச் சாதனங்களைச் செருகும் சதுரத் துளை, 1¼ அங்குலம்; இழுவையின் உச்ச வரம்பு 3,500 பவுண்டு. கிளாஸ் 3-க்கு 2 அங்குலம், 8,000 பவுண்டு வரை. இரண்டும் பொருந்துகிற வண்டி என்றால் நான் கிளாஸ் 3-ஐத்தான் எடுப்பேன். 2 அங்குலத் துளையில் செருக, சைக்கிள்களை மாட்டிச் செல்லும் ஸ்டாண்டு முதல் எல்லாமே சுலபமாகக் கிடைக்கும்.

ஆனால் 3,500 பவுண்டு இழுக்கும் எஸ்யூவியில் கிளாஸ் 3 மாட்டினாலும் அது 3,500 பவுண்டு வண்டிதான். வண்டி, ஹிட்ச், துளையில் செருகும் பால் மவுண்ட், அதன் மேல் ட்ரெய்லர் மாட்டும் உருண்டையான பால் ஆகிய நான்கில் எதன் வரம்பு குறைவோ அதுவே கணக்கு.

சரி, வண்டியே 5,000 பவுண்டு இழுக்கும் என்றால்? அப்போதும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் பேலோடு (வண்டி சுமக்கக்கூடிய எடை) ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,200 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அழுத்தும். இதுதான் டங் வெயிட். இதுவும் அந்த 1,200-க்குள் அடங்க வேண்டும். 4,000 பவுண்டு கேம்பருக்கு 12 சதவீதம் போட்டால் 480. ஓட்டுநரையும் சேர்த்து ஐந்து பேர் 700, பெட்டிகள் 150. மொத்தம் 1,330! இழுவையில் 1,000 பவுண்டு மிச்சம் இருக்கிறது, பேலோடோ 130 பவுண்டு மீறிவிட்டது. எஸ்ஏஇ ஜே2807 என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர முறைப்படி இழுவைத் திறனைக் கணக்கிடும்போது, வண்டிக்குள் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இருவர்தான் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்?

இதற்குத் தீர்வு என்று, பாரத்தைப் பகிர்ந்து தரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சைச் சொல்வார்கள். நல்ல சாதனம்தான். பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரத்தில் பிடிமானம் குறைவதை அது சரிசெய்யும். பாரத்தில் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்கும், கொஞ்சத்தை ட்ரெய்லரின் அச்சுக்கும் தள்ளிவிடும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள 1,200-ஐ உயர்த்தாது. சில வண்டிகளில் அதை மாட்டவே கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

டங் வெயிட்டைக் குறைக்கச் சாமானைக் கேம்பரின் பின்கோடிக்கு நகர்த்துவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் பாம்பு போல ஆடத் தொடங்கலாம். வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக்கூடும்.

இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது, தண்ணீரும் கேஸும் சாமானும் நிரப்பிய பிறகும் 2,500 பவுண்டைத் தாண்டாத கேம்பர். பெரியதுதான் வேண்டும் என்றால் ஹிட்ச்சை அல்ல, வண்டியை மாற்ற வேண்டும்.