14 மாதம் என் கையில் இருந்த கார்ட்லெஸ் ட்ரில்

கர்ட்டன் ராடு, டிவி ஸ்டாண்டு, பால்கனியில் துணி காயப்போடும் ஹேங்கர். கொளத்தூர், பெரம்பூர் பக்கம் இவற்றை மாட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. பன்னிரண்டு வருஷமாக வயர் ட்ரில்தான். புது அபார்ட்மென்ட்டுகளில் சாவி கொடுத்துவிடுவார்கள், கரன்ட் வந்திருக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்சி அலுத்துப்போய், போன வருஷம் லிங்கிச் செட்டித் தெருவில் 18 வோல்ட் பிரஷ்லெஸ் ஹேமர் ட்ரில் ஒன்று வாங்கினேன். இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் நான் எழுதுவதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் கடைக்காரர் கதை. "அண்ணே, 18 எதுக்கு, 20 வோல்ட் எடுங்க, பவர் ஜாஸ்தி" என்றார். இரண்டும் ஒன்றுதான். பேட்டரிக்குள்ளே இருப்பது வரிசையாக ஐந்து செல். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18. சார்ஜர் போட்டு எடுத்தவுடன் அளந்தால் 20-ஐத் தாண்டும். ஒருத்தர் அதை எழுதுகிறார், இன்னொருத்தர் இதை எழுதுகிறார். நடைபாதையில் 48 என்று போட்டு விற்கும் மெஷின் ஒன்றை நண்பர் வாங்கி, செத்த பிறகு என்னிடம் கொடுத்தார். திறந்து பார்த்தேன், அதிலும் ஐந்து செல்தான்.

செங்கல் சுவரில் 6 எம்எம் ஓட்டை என்றால் ஒரு 2 ஆம்பியர்-ஹவர் (சுருக்கமாக ஆம்பியர்) பேட்டரிக்கு அறுபது வரை போடுகிறேன். ஒரு நாள் வேலைக்கு இரண்டு பேட்டரி தாராளம். ஆனால் ஜன்னலுக்கு மேலே லின்டல் கான்கிரீட் வந்துவிட்டால் கதை வேறு. பதினைந்து ஓட்டைக்குள் பேட்டரி படுத்துவிடும், மெஷினும் சுடும். இதில் இருக்கும் ஹேமர் வெறும் அதிர்வுதான், கான்கிரீட்டை உடைக்கும் இடி கிடையாது. லின்டலுக்கு இன்னும், இடித்துக்கொண்டே துளைக்கும் என் பழைய ரோட்டரி ஹேமரைத்தான் எடுக்கிறேன்.

அதைச் சோம்பேறித்தனத்தில் எடுக்காமல் விட்ட நாளில்தான் மணிக்கட்டு போனது. ஏணியில் மூன்றாவது படி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் லின்டலில் ஓட்டை. ஓட்டை போடும் முனையான பிட், கான்கிரீட்டுக்குள் இருந்த இரும்புக் கம்பியில் மாட்டி நின்றது. பிட் நின்றால் மெஷின் சுற்றும். கையைச் சேர்த்துத்தான் சுற்றியது. பத்து நாள் கட்டு. பெட்டிக்குள் பக்கவாட்டுக் கைப்பிடி பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. வயர் ட்ரில் என்றால் அப்படி ஒற்றைக் கையால் எட்டியிருக்க மாட்டேன். வயர் கீழே இழுக்கும், அந்த இழுப்பிலேயே ஒரு ஜாக்கிரதை இருக்கும். இது பொம்மை மாதிரி இருப்பதால் கை பயத்தை மறந்துவிடுகிறது.

என் கூட வேலை செய்யும் பையனுக்கு நடந்ததும் அதே மறதிதான். பிட் மாற்றுவதற்கு, அதைக் கவ்விப் பிடிக்கும் முன்வாயான 'சக்'கைத் தளர்த்திக்கொண்டிருந்தான். பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பிடியை மாற்றியபோது விரல் டிரிக்கரில் பட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைச் சக் கவ்வி, ஒரே சுற்றில் இறுக்கிவிட்டது. நல்லவேளை, விரலை எடுத்ததும் மோட்டாரில் பிரேக் பிடித்து நின்றது. கத்திரிக்கோலால் வெட்டித்தான் கையை எடுத்தோம். கயிறு இருந்த இடத்தில் ஒரு வாரம் சிவப்பு வளையம். "சாமிதான் காப்பாத்துச்சு" என்றான். சிக்க வைத்ததே சாமிக் கயிறுதானேடா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்காமல் வயர் மெஷினில் பிட் மாற்ற மாட்டோம். இதில் பிளக் என்பது பேட்டரிதான், கழற்ற வேண்டும். குறைந்தபட்சம் ஃபார்வேர்டு, ரிவர்ஸ் மாற்றும் பட்டனை நடுவில் நிறுத்தினால் டிரிக்கர் அமுங்காது. பலருக்கு அந்த நடு இடம் எதற்கு என்றே தெரியவில்லை. துணிக் கையுறையும் வேண்டாம், சுற்றும் பிட் நூலைப் பிடித்தால் விரலோடுதான் போகும். கண்ணாடி மட்டும் கட்டாயம், மேலே பார்த்து ஓட்டை போடும்போது தூசி நேராகக் கண்ணுக்குள்தான் இறங்கும்.

சரி, பேட்டரி. மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் இருந்த பேட்டரியை எடுத்துச் சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, ஏறவில்லை. சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பேட்டரி சூடாக இருந்தால் அது ஏற்றாது, அதுதான் அதன் பாதுகாப்பு. பெரும்பாலான கம்பெனிக் கையேடுகள் 40 டிகிரியை ஒட்டித்தான் எல்லை போடுகின்றன. நிழலில் அரைமணி வைத்தால் போதும். நம்ம பையன் அதற்குள் அந்த வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டான். மோர் எடுக்க வந்த அம்மா, "தம்பி, இது என்ன புது மாதிரி டிபன் பாக்ஸ்?" என்று கேட்டார். குளிரில் வைத்து எடுத்தால் வெளியே வந்ததும் வேர்க்கும், ஈரம் டெர்மினலில் இறங்கும். செய்யாதீர்கள்.

மூன்றாவது பேட்டரி ஒன்று பாதி விலைக்கு வாங்கினேன், அது என் முட்டாள்தனம். மேலே 4 ஆம்பியர்-ஹவர் என்று எழுதியிருந்தது. மளிகைக்கடை அண்ணாச்சியின் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரிஜினல் 2 ஆம்பியரும் அதுவும் ஏறக்குறைய ஒரே எடை. இந்த ரகச் செல்லில் 4 ஆம்பியர் வேண்டும் என்றால் பத்து செல் இருக்க வேண்டும், கையில் எடுத்ததுமே கனம் தெரிய வேண்டும். இரண்டாம் மாதம் சார்ஜ் போட்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை மாடிக்குக் கொண்டுபோய் மணல் வாளிக்குள் வைத்தேன். அன்றிலிருந்து இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. செத்த பேட்டரியைக் குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப வாங்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிரஷ்லெஸ் என்பதால் மோட்டாரில் கார்பன் பிரஷ் மாற்றும் வேலையே இல்லை. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, சக்கைக் கீழ்நோக்கித் தட்டி, காற்றுத் துளைகளில் இருக்கும் சிமென்ட் தூசியை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். வேகத்துக்கான 1, 2 கியரை மெஷின் நின்ற பிறகுதான் மாற்ற வேண்டும். ஊருக்குப் போனால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன். ஸ்க்ரூ கிடக்கும் டப்பாவில் பேட்டரியைப் போடவே கூடாது, டெர்மினல் இரண்டையும் ஒரு ஸ்க்ரூ தொட்டாலே நெருப்பு.

குறை என்றால் இரண்டு. முன்னால் இருக்கும் எல்இடி விளக்கின் வெளிச்சத்தில் சக்கின் நிழல் சரியாக ஓட்டை போடும் இடத்திலேயே விழுகிறது. சார்ஜர் வயர் முழ நீளம்கூட இல்லை. வாரண்டி, பேட்டரிக்கு 6 மாதம்தான். மற்றபடி திரும்ப வாங்கச் சொன்னால் இதையேதான் வாங்குவேன், ஒரிஜினல் பேட்டரியோடு.

பையன் இப்போது கயிற்றை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான். பிட் மாற்றும்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். போன வாரம் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான். போன் போட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "டேய், பையில சில்லறை ஏதும் இருக்கா?"