மதுரையில் ஆமைக்கு மருத்துவம்: பரிசோதனை நன்று, காத்திருப்பு வேதனை

வைகையின் வடகரையில் உள்ள ஒரு செல்லப்பிராணி மருத்துவமனைக்கு எங்கள் சல்கட்டா என்னும் ஆப்பிரிக்க நில ஆமையைப் பரிசோதனைக்குக் கொண்டுசென்றோம். முன்பு வளர்த்தவரிடமிருந்து வந்தபோதே மேலோட்டின் ஒவ்வொரு கட்டமும் கோபுரம் போல் எழும்பியிருந்ததால், இது நோயாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் அஞ்சினார்கள்.

மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஆமையைப் பதிவு செய்த சான்றை முதலில் கேட்டார்கள். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இவ்வகை அயல்நாட்டு ஆமைக்குப் பதிவு கட்டாயம் என்பதால், அது முறையான கேள்விதான்.

மருத்துவர் ஓட்டைத் தொடுவதற்கு முன் ஆமையைத் தரையில் நடக்கவிட்டார். அடிப்பக்க ஓடு தரையில் உரசாமல் கால்களை ஊன்றி நடக்கிறதா, மூக்கில் நீர்க்குமிழி வருகிறதா, கண் குழிந்திருக்கிறதா என்று கவனித்தபின், பின்னங்காலை மெல்லப் பிடித்து, அதை எவ்வளவு வலுவாக உள்ளிழுத்துக்கொள்கிறது என்று சோதித்தார். பிறகே ஓட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார், சிறிதும் நெகிழவில்லை. கட்டங்களுக்கு இடையே புதிதாக வளர்ந்திருந்த வெளிறிய கோடு மேடின்றிச் சமமாக இருப்பதைக் காட்டி, இப்போதைய வளர்ச்சி சரியாகவே இருக்கிறது என்றும், பழைய மேடுகள் இனி அமுங்கா என்றும் விளக்கினார். குஞ்சுப் பருவம் கடந்த ஆமையின் ஓடு, பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், அழுத்தினால் நெகிழுமானால் அதற்குத்தான் அஞ்ச வேண்டுமாம். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அடையாளம். புரதம் மிகுந்த தீனியால்தான் மேடு விழுகிறது என்று பலரும் சொல்வதை அவர் ஏற்கவில்லை. குட்டிப் பருவத்து வறண்ட சூழலே பெரிய காரணம் என்றார். சல்கட்டா குட்டிகளை வைத்து நடத்தி 2003இல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது. மதுரை வெக்கையில் குட்டி வளர்ப்போர் ஈரத் தென்னைநார்த்தூள் போட்ட மறைவிடம் ஒன்றை அவசியம் வைக்க வேண்டும்.

தீனிக்கு அருகம்புல், செம்பருத்தி இலை, இடையிடையே அகத்திக்கீரை என்று எழுதிக் கொடுத்தார். பழத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார்.

குறையும் உண்டு. குரைக்கும் நாய்களுக்கு நடுவே கூடையோடு காத்திருக்க வேண்டியிருந்தது. ஆமை தலையை வெளியே நீட்டவே இல்லை. மருத்துவர் எழுதாத புறஊதா விளக்கை மருந்து விற்கும் இடத்தில் வற்புறுத்தினார்கள். மொட்டைமாடியில் காலை வெயிலும் ஒதுங்க நிழலும் கிடைக்கும் ஆமைக்கு அது தேவையில்லை. கண்ணாடி ஜன்னலுக்குள்ளேயே வளர்ப்பவர்கள் வாங்கலாம், ஏனெனில் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். எக்ஸ்ரே வசதி அங்கு இல்லை. ஓடு நெகிழ்ந்த ஆமையைக் கொண்டுசெல்வோர் அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.